எடுத்த மாதிரி எங்கே போயிற்று?

இரத்தம் எடுத்தாயிற்று, சிறுநீர் கொடுத்தாயிற்று என்றதும் பரிசோதனை முடிந்துவிட்டது என்றே எம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் பரிசோதனை அங்கேதான் தொடங்குகிறது. மாதிரி உரிய நாளில் எடுக்கப்பட வேண்டும். உரிய குழாயில் இடப்பட வேண்டும். கெடாமல் ஆய்வுகூடத்தைச் சென்றடைய வேண்டும். அதன் முடிவு, மாதிரி கொடுத்தவரின் கைக்கே திரும்பி வரவேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் கொடுத்த இரத்தம் வீண்; பஸ் காசு வீண்; இழந்த ஒரு நாள் கூலியும் வீண்.

பள்ளிவாசல்துறையில் வாழும் ஒருவருக்கு இது சிறிய விடயமல்ல. சாதாரணப் பரிசோதனைக்கே கற்பிட்டிக்கோ புத்தளத்துக்கோ போக வேண்டியிருக்கிறது. சில விசேட பரிசோதனைகளுக்கு மாதிரி கொழும்பு வரை பயணம் செய்கிறது. பொரளையில் 1900ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமே இந்நாட்டில் அத்தகைய பல பரிசோதனைகளுக்குத் தலைமை இடமாக இருக்கிறது. மாதிரி போய்ச் சேரவும் முடிவு திரும்பி வரவும் நாட்கள், சிலவேளை வாரங்கள் ஆகலாம்.

இதற்குள் இடம்பெயர்ந்த குடும்பங்களின் நிலையையும் வைத்துப் பாருங்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தவர்களில் பலர் இங்கேயே வேரூன்றிவிட்டார்கள். 2009இல் போர் முடிந்த பின்னர் பலர் மன்னாருக்கும் முசலிக்கும் திரும்பி, பற்றைக் காடாகக் கிடந்த காணிகளை வெட்டிப் பயிரிடத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு வீடு இங்கே, வயலுக்காக ஒரு குடிசை அங்கே என இரண்டு இடத்தில் வாழும் குடும்பங்களும் உண்டு. இப்படியானவர் ஒரு ஊரில் இரத்தம் கொடுப்பார். முடிவு வரும்போது மறு ஊரில் விதைத்துக்கொண்டிருப்பார். அடுத்த முறை வருத்தம் வரும்போது அங்குள்ள வைத்தியர் முன்னைய ரிப்போட் எங்கே என்று கேட்பார். கையில் ஒன்றும் இராது. மீண்டும் முதலிலிருந்து ஊசி.

ஆகவே எமது நிலைப்பாடு இதுதான்: இடம்விட்டு இடம் போகும் மக்களுக்கு, பரிசோதனை முடிவு ஆஸ்பத்திரி அலுமாரியில் மட்டும் இருந்தால் போதாது. அது எழுத்தில் அவர்களுடைய கையிலும் இருக்க வேண்டும். அதேவேளை, நல்ல மாதிரி கொடுப்பது எப்படி என்பதை மக்களும் அறிந்திருக்க வேண்டும். இவை இரண்டும் சேர்ந்தால்தான் பயன் உண்டு.

இரவில் எடுத்த இரத்தம்

மாதிரி எடுக்கும் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை இந்த மாவட்டத்து மக்களுக்கு யானைக்கால் நோய் கற்பித்திருக்கிறது. இலங்கையில் இந்நோய் நிலைகொண்டிருந்த எட்டு மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. நோயைப் பரப்பும் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் இரத்தக் குழாய்களுக்குள் பதுங்கியிருக்கும். இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில்தான் தோலுக்கு அருகிலுள்ள இரத்தத்தில் பெருந்தொகையாக வந்து உலாவும். அந்நோயைப் பரப்பும் நுளம்பு கடிக்கும் நேரமும் அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பற்றிக் மான்சன் என்ற வைத்தியர் இந்த இரவுப் பழக்கத்தைக் கண்டறிந்தார்.

1947இல் தொடங்கிய யானைக்கால் தடுப்பு இயக்கத்தின் ஊழியர்கள் இரவில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்தது இதனால்தான். தூங்கும் நேரத்தில் தொல்லை தருகிறார்களே என்று சலித்துக்கொண்டவர்களும் இருப்பார்கள். அதே ஆளின் இரத்தத்தைப் பகலில் எடுத்திருந்தால், உடலில் புழு இருந்தும் இல்லை என்ற முடிவே வந்திருக்கக்கூடும். பிழையான நேரத்தில் எடுத்த மாதிரி பொய்யான ஆறுதலைத் தரும். அது பரிசோதிக்காமல் விடுவதைவிட ஆபத்தானது. இரவு இரத்தம் கொடுத்தவர்களின் பொறுமையும், 2002 முதல் 2006 வரை ஆண்டுக்கு ஒரு தடவை வீடு தேடி வந்த மாத்திரையும் வீண்போகவில்லை. யானைக்கால் இந்நாட்டில் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றுக்கொண்டது.

காய்ச்சல் எத்தனையாம் நாள்?

காய்ச்சலுடன் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் முதலில் சொல்ல வேண்டியது காய்ச்சல் தொடங்கிய நாளைத்தான். எந்தப் பரிசோதனை பொருந்தும் என்பதை அந்த நாளே தீர்மானிக்கிறது.

டெங்கு என்றால், என்.எஸ்.1 என்ற பரிசோதனை முதல் ஐந்து நாட்களுக்குள்தான் நன்றாகக் காட்டும். அதன்பின் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் பரிசோதனையே பொருந்தும். ஒன்று இல்லை என்று வந்தால் டெங்கு இல்லை என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. இரத்தத்தின் வெண்கலமும் குருதிச் சிறுதட்டும் எப்படி மாறுகின்றன என்பதை மறுபடி மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். நேற்று எடுத்தாயிற்றே, இன்றும் ஏன் என்று சலிக்காதீர்கள். அங்கே ஒரு எண்ணிக்கையைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் இன்னும் நெருங்கிய ஆபத்து. 2008இல் மட்டும் இந்நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோய் எனச் சந்தேகிக்கப்பட்டுப் பதிவானார்கள். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் கிருமி இருக்கும். காலிலுள்ள வெட்டு, கீறல் வழியாக அது உடலுக்குள் போகும். முதல் வாரத்தில் கிருமி இரத்தத்திலேயே இருப்பதால் அப்போது எடுக்கும் இரத்தத்தில் பி.சி.ஆர். முறையால் அதைக் கண்டுபிடிக்கலாம். எதிர்ப்புப் பொருளைத் தேடும் எம்.ஏ.ரி. பரிசோதனைக்கோ பெரும்பாலும் இரண்டு மாதிரி தேவை: நோயின் தொடக்கத்தில் ஒன்று, ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து மற்றொன்று. இரண்டாவதில் அளவு நான்கு மடங்காக உயர்ந்திருந்தால் நோய் உறுதி. இடையில் ஊர் மாறிய ஆளின் இரண்டாவது மாதிரி எடுக்கப்படாமலே போகும். முதலாவதும் அரைகுறைச் சாட்சியாக நின்றுவிடும்.

இங்கே இரண்டு விடயங்களை மறக்கக் கூடாது. முதலாவது, எலிக்காய்ச்சலுக்கான சிகிச்சை ரிப்போட் வரும்வரை காத்திருப்பதில்லை. வயலில் வேலை செய்தவர், காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நோவும் கண் சிவப்பும் உண்டு என்று சொன்னாலே வைத்தியர் மருந்தைத் தொடங்குவார். ஆகவே என்ன வேலை செய்தீர்கள், எந்த ஊர் வயலில் என்பதைக் கேட்கும் முன்பே சொல்லுங்கள். இரண்டாவது, வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்ரிபயோட்டிக் குளிசையை நீங்களாக விழுங்கிவிட்டுப் போகாதீர்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை அதனால் பொய்த்துப் போகும். விழுங்கியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். விதைப்புக்கு முன் தடுப்பு மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம்.

மலேரியாவும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. தொண்ணூறுகளில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோரைப் பீடித்த அந்நோய், கண்ணாடித் தட்டில் தேய்த்த ஒரு துளி இரத்தத்தைக் கொண்டே தேடப்பட்டது. 2012க்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக உள்ளூர்த் தொற்று இல்லாதிருந்ததால் 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. ஆயினும் இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் பயணத்தைச் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் அந்தத் துளி இரத்தத்தை எடுக்க யாருக்கும் தோன்றாமற் போகலாம்.

சிறுநீரும் சீனியும் சளியும்

தொண்ணூறுகளில் வடமத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவியா போன்ற விவசாயப் பகுதிகளில், சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாதவர்களிடமும் சிறுநீரகம் செயலிழப்பது கண்டறியப்பட்டது. இந்நோய் நோவு தராமல் வளரும். இரத்தத்தில் கிரியேற்றினின் அளவு உயர்ந்து தெரியும்போது சிறுநீரகத்தின் பாதி வேலை பெரும்பாலும் போய்விட்டிருக்கும். அதற்கு முன்னரே எச்சரிக்கக்கூடியது சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம். ஒரு கிராம் கிரியேற்றினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக அது இருப்பதே நல்லது.

இதற்குக் காலையில் எழுந்ததும் கழிக்கும் சிறுநீரே சிறந்தது. காய்ச்சலோ கடும் உடல் உழைப்போ இருந்தாலும், பெண்களுக்கு மாதவிடாய் நாட்களிலும் முடிவு உயர்ந்து காட்டலாம். ஒரு தடவை கூடியிருந்ததென்று சிறுநீரகம் போய்விட்டது எனக் கலங்கவும் வேண்டாம். அடுத்த தடவை பார்க்காமல் விடவும் வேண்டாம். மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தால்தான் அது நீடித்த நோய் என்று கொள்வார்கள். முதல் முடிவு கையில் இல்லாதவர் மூன்று மாதத்தின் பின் எதோடு எதை ஒப்பிடுவார்?

சீனிப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் குறைந்தது எட்டு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். இது நோன்பு அல்ல. வெறும் தண்ணீர் குடிக்கலாம். எடுத்த இரத்தத்திலுள்ள உயிரணுக்கள் குழாய்க்குள்ளும் சீனியைத் தின்றுகொண்டிருக்கும். சாதாரண குழாயில் விட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சீனி குறையும். அதனால்தான் அதற்கெனத் தனி மருந்திட்ட குழாய் இருக்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் கடும் இரத்தச்சோகை உள்ளவருக்கும் அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டவருக்கும் அது பிழையான அளவைக் காட்டலாம். அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சயரோகப் பரிசோதனைக்குப் பலர் கொண்டுவருவது உமிழ்நீர். தேவைப்படுவதோ நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுத்த சளி. ஒரு மாதிரியாவது விடியற்காலையில் எடுத்ததாக இருத்தல் நல்லது. வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, வெளிக்காற்றில் நின்று, ஆழமாக மூச்சிழுத்து இருமி, தந்த போத்தலிலேயே துப்பி மூடுங்கள். வெயிலில் வைக்காமல் அன்றே சேர்ப்பியுங்கள். ஜீன்எக்ஸ்பேர்ட் இயந்திரம் இரண்டு மணித்தியாலத்தில் விடை சொல்லும். கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கோ எட்டு வாரம் வரை ஆகலாம். அதற்குள் இடம் மாறுகிறவர் புதிய முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் மார்பு நோய்க் கிளினிக்கில் கொடுத்துவிட்டே போக வேண்டும்.

எந்த மாதிரியையும் ஜாம் போத்தலிலோ பழைய மருந்துப் போத்தலிலோ கொண்டுபோகாதீர்கள். அடியில் ஒட்டிய சவர்க்காரமும் இனிப்பும் முடிவை மாற்றிவிடும்.

விலை கூடியது விசேடமானது அல்ல

ஒரே நாளில் முப்பது, நாற்பது பரிசோதனை என்று விளம்பரம் செய்யும் தனியார் பொதிகளை நம்பிக் கடன்படுகிறவர்களும் எம்மிடையே உண்டு. விசேட பரிசோதனை என்பது வைத்தியர் மனதில் எழும் ஒரு கேள்விக்கு விடை. கேள்வி இல்லாமல் தேடினால், நல்ல சுகமுள்ளவரிடமும் ஏதோ ஒன்று கொஞ்சம் கூடியோ குறைந்தோ காட்டும். அந்தப் பயத்தைத் தீர்க்க மேலும் பரிசோதனை, மேலும் கடன். நெல் விற்ற காசை அதற்குக் கொடுக்குமுன், இந்த முடிவு எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும் என்று வைத்தியரிடம் கேளுங்கள். மாறாது என்றால் அந்தக் காசு வீட்டிலேயே இருக்கட்டும்.

கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

சுகாதாரத் துறையினரிடம் நாம் கேட்பவை பெரிய கட்டடங்கள் அல்ல. மாதிரி எடுக்கும்போதே பரிசோதனையின் பெயரையும் முடிவு வரும் நாளையும் தமிழில் ஒரு துண்டில் எழுதித் தாருங்கள். முடிவின் பிரதியை நோயாளிக்குக் கொடுங்கள். இரண்டாவது மாதிரி வேறு மாவட்டத்தில் எடுக்க நேர்ந்தால், முதல் முடிவோடு அங்கே செல்ல ஒரு கடிதம் கொடுங்கள். பதிவு எந்த மாவட்டத்தில் என்று கேட்டு எந்த நோயாளியையும் திருப்பி அனுப்பாதீர்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் எங்கே இருக்கிறது என்பது சிறுநீரகத்துக்குத் தெரியாது.

குடும்பங்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. ஆளுக்கொரு கொப்பி வாங்குங்கள். காய்ச்சல் தொடங்கிய நாள், குடித்த மருந்து, மாதிரி கொடுத்த நாள், இடம், பரிசோதனையின் பெயர், வந்த முடிவு ஆகியவற்றை அதில் எழுதுங்கள். ரிப்போட்டுகளை உள்ளே ஒட்டிப் பொலித்தீன் உறையில் இட்டு, அடையாள அட்டையோடு வையுங்கள். எழுதத் தெரியாத பெற்றோருக்குப் பாடசாலைப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் ஒரு மாலை கூடினால் ஊர் முழுவதற்கும் இதைச் செய்துவிடலாம்.

காணி உறுதியைத் தொலைத்துவிட்டு அதை நிரூபிக்க எத்தனை கந்தோர் ஏறி இறங்கினோம் என்பதை இடம்பெயர்ந்தவர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். உடம்புக்கும் உறுதி உண்டு. அது இந்தக் கொப்பிதான். முசலிக்குப் போனாலும் கற்பிட்டிக்கு வந்தாலும் அது உங்கள் பையில் இருக்கட்டும்.