அளந்து போடுவோம்

வார இறுதி வந்துவிட்டால் கிள்ளான் வட்டாரத் தூண்டில் கடைகளில் இளைஞர் கூட்டம் கூடிவிடுகிறது. மரத்தாலும் நெகிழியாலும் செய்த குட்டி மீன்கள், தொட்டால் நெளியும் செயற்கை இறால்கள் என வண்ண வண்ண இரைகள் அங்கே தொங்குகின்றன. புதிய இரை ஒன்றைக் கண்டதும் வாங்கி, மறுநாள் விடியலில் தஞ்சோங் ஹராப்பான் கரையில் வீசிப் பார்க்க மனம் துடிக்கிறது. இந்த ஆசை தவறன்று. ஆனால், வீசிப் பார்ப்பது வேறு. சோதித்துப் பார்ப்பது வேறு. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்னும் பழமொழி தூண்டிலுக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து.

செயற்கை இரையின் வரலாறே இதற்குச் சான்று. பின்லாந்து நாட்டு மீனவரான லவுரி ராப்பலா, ஏரியில் மீன் பிடிக்கும்போது ஒன்றைக் கவனித்தார். பெரிய மீன்கள், கூட்டமாகச் செல்லும் சிறு மீன்களுள் அடிபட்டுத் தடுமாறும் மீனையே பாய்ந்து தாக்கின. அந்தத் தடுமாற்றத்தைத் தம் இரையிலும் கொண்டுவர அவர் விரும்பினார். 1936ஆம் ஆண்டில் தக்கையைச் செதுக்கி, அதன்மேல் சாக்லெட் சுற்றிவரும் பளபளப்பான தாளை ஒட்டினார். பூச்சு வாங்க வழியில்லாததால், நிழற்படச் சுருளை உருக்கிப் பூசினார். அவருடைய வெற்றிக்குக் காரணம் பணம் அன்று, பொறுமையாகக் கவனித்ததே.

நாம் கவனிக்க வேண்டியது நம் கடலை. கிள்ளான் கடலோர நீர் சேறு கலந்து கலங்கியிருக்கும். பெருவெள்ள நாள்களில் கடல்நீர் ஏறத்தாழ 4 மீட்டர் உயர்ந்து தாழும். கலங்கிய நீரில் மீன் கண்ணை மட்டும் நம்புவதில்லை. உடலின் இரு பக்கங்களிலும் உள்ள உணர்கோட்டால் நீரின் அதிர்வையும் அறிகிறது. ஆகவே, தெளிந்த ஏரியில் பெயர்பெற்ற இரை இங்கும் பயன் தரும் என்று சொல்ல முடியாது. நம் கண்ணைக் கவரும் நிறத்தைவிட, நீரில் அதிர்வை எழுப்பும் அசைவே இங்கு முக்கியமாகலாம். மேலும், நீர் வற்றும்போது கண்டல் காட்டு ஓடைகளிலிருந்து சிறு மீன்களும் இறால்களும் வெளியேறும். மலாய்மொழியில் ‘சியாக்காப்’ எனப்படும் கொடுவா மீன் அவற்றுக்காக ஓடை வாயிலில் காத்திருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டவருக்கு எவ்வளவு விலை உயர்ந்த இரையும் உதவாது.

ஒருநாள் காலையில் நான் ஐந்து இரைகளை மாற்றி மாற்றி வீசினேன். ஐந்தாவது இரையில் மீன் கடித்தது. ‘இதுதான் சிறந்த இரை’ என்று மகிழ்ந்தேன். பிறகுதான் யோசித்தேன். மீன் கடித்தது அந்த இரையாலா? அப்போதுதான் நீர் வற்றத் தொடங்கியதாலா? விடை தெரியவில்லை. தொடக்கப்பள்ளி அறிவியலில் படித்த மாறிகளை நான் மறந்துபோயிருந்தேன். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்தால்தான் அது சோதனை. ஒரே இடம், ஒரே நீரோட்டம், ஒரே தூண்டிற்கோல். பழைய இரையை இருபது முறையும் புதிய இரையை இருபது முறையும் மாறி மாறி வீச வேண்டும். நேரத்தையும் நீரின் நிலையையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒருநாள் கிடைத்த மீனை வைத்து முடிவு செய்யாமல், பல நாள்கள் இவ்வாறு செய்து பார்த்தால் உண்மை புலப்படும்.

“உயிருள்ள இறால் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். இறால் நல்ல இரைதான், மறுக்கவில்லை. ஆனால், அதை மீன் ஆழமாக விழுங்கிவிடுவதுண்டு. செயற்கை இரையின் முள் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டுவதால் மீனை அதிகக் காயமின்றி விடுவிக்கலாம். இது சிறிய செய்தி அன்று. கொடுவா மீன்கள் பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறுபவை. அதனால் மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் தாய்மீனாகவே இருக்கும். அதைக் கடலில் விட்டால் பல தலைமுறை மீன்களைக் காத்தவர் ஆவோம்.

சோதனையில் நாம் எழுத மறக்கும் கணக்கு ஒன்று உண்டு. இன்று எத்தனை இரைகளை இழந்தோம்? கண்டல் வேரில் சிக்கி அறுந்த மென்னெகிழி இரை எளிதில் மட்காது. அதனுடன் சேறில் புதையும் ஈயக் குண்டு நச்சுப்பொருள். ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னப்பறவைகள் மடிந்ததால், பிரிட்டன் 1987ஆம் ஆண்டிலேயே தூண்டிலுக்கான பெரும்பாலான ஈயக் குண்டுகளின் விற்பனைக்குத் தடை விதித்தது. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை ஒட்டிப் பாயும் கிள்ளான் ஆறு, நகரத்துக் குப்பையைக் கடலுக்குக் கொண்டுவருகிறது என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். அந்தக் குப்பையாவது ஆற்றில் நெடுந்தூரம் பயணம் செய்து வருகிறது. நாமோ நம் குப்பையை நேரே கடலில் வீசுகிறோம்.

ஆகவே, புதிய இரையிடம் மூன்று கேள்விகளைக் கேட்போம். அது மீனை ஈர்த்ததா? பிடித்த மீனை உயிருடன் விட முடிந்ததா? திரும்பும்போது அது நம் பெட்டியில் இருந்ததா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்லும் இரையே நல்ல இரை. கண்டல் ஓரத்தில் மீன் இருக்கும் வரைதான் எந்த இரைக்கும் மதிப்பு. அடுத்த முறை தூண்டிலை வீசும் முன் அளந்து போடுவோம்.