தோழரே, இப்போது என்ன படிக்கிறீர்கள்?

நாம் ஒரு தோழரைச் சந்தித்தால் என்ன கேட்கிறோம்? சந்தா வசூலாயிற்றா என்று கேட்கிறோம். பத்திரிகை எத்தனை விற்றது, பாக்கி எவ்வளவு என்று கேட்கிறோம். கூலிப் பேச்சுவார்த்தை என்ன ஆயிற்று, ஊர்வலத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்கிறோம். எல்லாம் அவசியமான கேள்விகள்தான். ஆனால், "தோழரே, இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

அப்படிக் கேட்காததால் நேர்ந்த நஷ்டம் ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம். குற்றம் நம்முடையது, ஆகையால் மறைக்க வேண்டியதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் கடலூர்ப் பக்கத்தில் ஒரு கிளைக் கூட்டம். சர்க்கரை ஆலையில் வேலை செய்யும் தோழர் ஒருவர் ஷிப்டு முடிந்து நேரே வந்திருந்தார். கையில் மாக்சிம் கார்க்கியின் 'தாய்' நாவல். பாதி படித்திருந்தார். "இதைப் பத்தி ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா தோழர்?" என்று கேட்டார். "முழுசாகப் படித்து முடியுங்கள் தோழர், பிறகு பார்க்கலாம். இன்றைக்கு வேலை நிறைய இருக்கிறது" என்று சொன்னோம். அந்த வேலை என்ன தெரியுமா? வசூல் கணக்கும் வாடகை பாக்கியும்! அவர் பதில் பேசாமல் புத்தகத்தை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவர் புத்தகத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்தப் புத்தகத்தைக் காரியாலயத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசித் தாளில் பென்சிலால் பதினோரு பெயர்கள் எழுதியிருந்தன. ஏழு பெயர்களுக்கு எதிரே 'படித்தது' என்று இருந்தது. நான்கு பெயர்களுக்கு எதிரே 'கேட்டது' என்று இருந்தது. விசாரித்தோம். சாப்பாட்டு நேரத்தில் கொட்டகை நிழலில் உட்கார்ந்து, முந்தின இரவு படித்ததை மறுநாள் பகலில் சொல்லியிருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்பட்ட நான்கு ஒப்பந்தக் கூலிகள் தினமும் வந்து கேட்டிருக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளரைச் சங்கத்தில் சேர்க்க நாம் திண்டாடிக்கொண்டிருந்த காலத்தில், முதலில் வந்து சேர்ந்தவர்கள் இந்த நால்வர்தான். நம்முடைய பிரசங்கத்தைக் கேட்டு வந்தார்கள் என்று அதுவரை நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், 1906-ல் வெளிவந்த அந்த நாவலின் விஷயமே இதுதான். ஆலைத் தொழிலாளி பாவெலின் வீட்டில் நண்பர்கள் கூடிப் படிக்கிறார்கள். அவனுடைய தாய் முதலில் பயப்படுகிறாள். பிறகு ஓரமாக உட்கார்ந்து கேட்கிறாள். நாற்பது வயதில் எழுத்துக் கூட்டக் கற்கிறாள். சாப்பாடு விற்பவளாக ஆலைக்குள் போய், தொழிலாளரிடம் துண்டுப் பிரசுரங்களைச் சேர்க்கிறாள். கேட்டவளே கொடுப்பவள் ஆனாள். இப்படிப்பட்ட புத்தகத்தைப் பற்றிப் பேச வந்தவரைத்தான் நாம் உட்காரச் சொன்னோம்.

ஆகவே நம் அபிப்பிராயம் இது: படிக்கிற விஷயத்தை, படித்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். முடிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முடித்தவர் தீர்ப்புச் சொல்வார். பாதியில் நிற்பவர் சந்தேகம் கேட்பார். தீர்ப்பைக் கேட்டால் தலையாட்டுவோம். சந்தேகத்தைக் கேட்டால் நாமும் யோசிப்போம். இரண்டு பேர் சேர்ந்து யோசித்தால் பேச்சு வளரும். உழைத்துக் களைத்தவர் ஒரு புத்தகத்தை முடிக்க ஆறு மாதம் ஆகலாம். அந்த ஆறு மாதமும் அவர் வாய் மூடி இருக்க வேண்டுமா?

"எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குப் படிக்க வராதே!" என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். படிக்க வராதவருக்குப் புத்தகத்தில் பங்கு இல்லை என்று யார் சொன்னது? நம் ஜில்லாவில் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் பாரதம் படிப்பது எத்தனை தலைமுறைப் பழக்கம்! ஒருவர் படித்துப் பொருள் சொல்வார். ஊரே உட்கார்ந்து கேட்கும். எழுத்தறியாத கிழவிக்கும் சகுனியின் சூது தெரியும். டீக்கடையில் ஒருவர் தினத்தந்தியை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டுத் தர்க்கம் செய்ததையும் நாம் பார்த்தவர்கள்தானே? கேட்டுப் படிப்பது நம் மண்ணில் புதிது அல்ல. கேட்கும் விஷயத்தைத்தான் நாம் புதிதாக்க வேண்டும்.

பக்கத்துக் கேரளத்தில் பீடித் தொழிலாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். கண்ணூர் வட்டாரத்துப் பீடிக் கொட்டகைகளில் எல்லோரும் இலை வெட்டிப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள்; ஒருவர் மட்டும் பத்திரிகையும் நாவலும் படிப்பார். படித்த நேரத்தில் அவருக்குக் குறைகிற பீடியை மற்றவர்கள் சுற்றி ஈடுகட்டுவார்கள். கூலி துண்டுக் கணக்கு. ஒரு கட்டுக் குறைந்தால் வீட்டில் அரிசி குறையும். அப்படியிருந்தும் படிக்கிறவருக்காக அவர்கள் உழைப்பில் பங்கு கொடுத்தார்கள். கைக்கு வேலை இருந்தது, காது சும்மா இருந்தது. அந்தக் காதைப் பள்ளிக்கூடம் ஆக்கினார்கள். 1969-ல் தினேஷ் பீடிக் கூட்டுறவை அமைத்து நடத்திக் காட்டியதும் அந்த வட்டாரத்துத் தொழிலாளர்கள்தான்.

கடல் கடந்தும் இதே கதைதான். கியூபாவின் ஹவானா நகரில், 1865-ல், சுருட்டுத் தொழிற்சாலைகளில் படித்துக் காட்டும் வழக்கம் ஆரம்பமாயிற்று. படிப்பவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் தொழிலாளர்களே. அடுத்த ஆண்டே, 1866-ல், ஸ்பானிய ஆட்சி அதற்குத் தடை போட்டது. கியூபாவிலிருந்து போய் அமெரிக்காவின் தம்பா நகரத்தில் சுருட்டுச் சுற்றிய தொழிலாளர்களும் இந்த வழக்கத்தைக் கூடவே கொண்டுபோனார்கள். 1931-ல் முதலாளிகள் அங்கே படிப்பவர்களை வெளியேற்றினார்கள். அவர்கள் உட்காரும் மேடைகளை அகற்றினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து போராடினார்கள். பிறகு அங்கே வானொலிப் பெட்டி வந்து உட்கார்ந்தது. யோசித்துப் பாருங்கள்! ஒரு மனிதன் கதை படித்ததற்கு ஒரு சாம்ராஜ்யமும் முதலாளிகளும் ஏன் பயந்தார்கள்? தனியாகப் படிப்பவன் அறிவாளி ஆகலாம். கூடிப் படிப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். அவர்கள் பயந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். நந்தனார் வெளியே நின்ற கதையைச் சிதம்பரத்துப் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். வயலில் உழைத்தவனுக்குக் கோயில் வாசலும் அடைத்திருந்தது, பள்ளிக்கூட வாசலும் அடைத்திருந்தது. அதே சிதம்பரத்தில், 1916-ல், சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயராலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். சேரிப் பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். இன்று நம் விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தோழர் ஒருவர் கையில் புத்தகம் இருக்கிறதென்றால், அது சும்மா வந்துவிடவில்லை. அவருடைய பாட்டனாருக்கு மறுக்கப்பட்ட பொருள் அது. அதைப் பரண்மேல் போட்டு வைக்கலாமா?

சிதம்பரத்தை அடுத்த சீர்காழியில் 1892-ல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். உலகம் முழுவதும் நூலகர்கள் படிக்கும் ஐந்து விதிகளை 1931-ல் வகுத்தவர் இவர். அவற்றின் சாரத்தை நம் பாஷையில் சொல்வதானால்: பூட்டி வைப்பதற்கு அல்ல புத்தகம், ஆளுக்கேற்ற புத்தகம் உண்டு, எந்தப் புத்தகத்துக்கும் எங்கோ ஓர் ஆள் காத்திருக்கிறான். அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நெல் ஏற்றிய வண்டி புத்தகத்தையும் ஏற்றியது! 1948-ல் நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இதுவே முதலாவது. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. அப்படியானால் நூலகத்துப் புத்தகம் நம் காசில் வாங்கியது. நம் ஊர் நூலகம் பூட்டிக் கிடந்தால் அது தர்மம் நின்றுபோன விஷயம் அல்ல. உரிமை பறிபோன விஷயம். ரேஷன் கடை திறக்கவில்லை என்றால் மனுக் கொடுக்கிறோமே, நூலகத்துக்கு ஏன் கொடுப்பதில்லை?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-ல் ஒரு பிள்ளை பிறந்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சிறுவனாகவே சென்னைக் கட்சிக் காரியாலயத்துக்கு வந்து சேர்ந்தது. ஜனசக்தி விற்றது, அச்சகத்தில் வேலை செய்தது. ஜீவாவைப் போன்றவர்கள் பேசுவதையும் விவாதிப்பதையும் பக்கத்தில் இருந்து கேட்டது. அந்தப் பிள்ளைதான் 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு பெற்ற ஜெயகாந்தன். பின்னாளில் அவர் வேறு வழியில் போனார். நம்மோடு சண்டையும் போட்டார். அது வேறு விஷயம். பள்ளிக்கூடம் கைவிட்ட ஒரு சிறுவனுக்கு, பெரியவர்கள் தாங்கள் படித்ததைத் தங்கள் நடுவே பேசிக்கொண்டதே கல்வியாயிற்று என்பதை யாரும் மறுக்க முடியாது. இன்று நம் காரியாலயத்துக்கு அப்படி ஒரு சிறுவன் வந்தால் அவன் காதில் என்ன விழும்? வசூல் கணக்கு மட்டும்தானா?

"இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே, செய்தி எல்லாம் அதில் வருகிறதே" என்பார்கள். செல்போன் நமக்கு எதிரி அல்ல. ஒரு பக்கத்தை உரக்கப் படித்து அதிலேயே பதிந்து அனுப்பினால், நடவு முடிந்து வரப்பில் உட்காரும் பெண் தோழர்கள் கேட்கலாம். ஆனால், வந்ததைப் படிக்காமலே பத்துப் பேருக்குத் தள்ளிவிடுகிற பழக்கம் இருக்கிறதே, அதைப் பகிர்வது என்று சொல்ல முடியாது. சமைக்காத அரிசியை இலையில் கொட்டுவது போன்றது அது. படித்தவர், தம் வாயால், தமக்குப் பட்டதைச் சேர்த்துச் சொன்னால்தான் கேட்பவருக்குப் பசி தீரும்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் வேண்டாம். கிளைக் கூட்டமோ சங்கக் கூட்டமோ, முதல் பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்குவோம். வாரம் ஒருவர் பேசட்டும். என்ன புத்தகம், எந்தப் பக்கத்தில் நிற்கிறார், எது பிடித்தது, எது விளங்கவில்லை: இந்த நான்கையும் சொன்னால் போதும். கட்சிப் புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கதையாகட்டும், குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை விளக்கும் சிறு பிரசுரமாகட்டும், பயிர்ப் பூச்சியைப் பற்றிய புத்தகமாகட்டும், எதுவானாலும் சரி. ஒருவர் தப்பாக உச்சரித்தால் சிரிக்கக் கூடாது. பரீட்சை வைக்கக் கூடாது. பெண்கள் வரக்கூடிய நேரத்தில் நடத்த வேண்டும். உலை வைக்கும் நேரத்தில் கூட்டம் போட்டுவிட்டு அவர்கள் வரவில்லை என்று குறை சொல்லக் கூடாது. ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். அதில் 'படித்தவர்' என்று ஒரு பத்தி, 'கேட்டவர்' என்று ஒரு பத்தி. இரண்டுக்கும் ஒரே மதிப்பு.

இதை முழுநேர ஊழியர்கள் முதலில் ஆரம்பிக்க வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாம் தப்பிக்க முடியாது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் நாம் இப்போது படித்து வருவது டி. செல்வராஜ் எழுதிய 'தோல்'. திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்கள் கொத்தடிமைத்தனத்தை எதிர்த்துச் சங்கம் கண்ட கதை. 2012-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. பெரிய புத்தகம், இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. பாத்திரங்கள் ஏராளமாக வருவதால் யார் யாருக்கு என்ன உறவு என்பது மறந்துபோகிறது. திரும்பத் திரும்ப முன்பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறது. யாராவது படித்திருந்தால் விளக்குங்கள். அடுத்த கூட்டத்தில் நாம் பத்து நிமிஷம் இதைப் பற்றிப் பேசப் போகிறோம்.

அந்தச் சர்க்கரை ஆலைத் தோழரையும் கூப்பிட்டிருக்கிறோம். அன்றைக்கு அவர் கேட்ட ஐந்து நிமிஷம் இன்னும் நம் கணக்கில் பாக்கியாக நிற்கிறது. அதை வட்டியோடு கொடுக்க வேண்டும்.

தோழரே, நீங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள்?