கேட்டதுக்குப் பதில் சொல்லு!

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். ஆக்சுவரி தேர்வு எழுதுகிறவள். இன்சூரன்ஸ், பென்ஷன் இவற்றில் நாளை வரக்கூடிய நஷ்டத்தை இன்றே கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை அது. கணக்குத் தாள்களை முதல் தடவையிலேயே தாண்டியவள், சி.பி.1 என்கிற நடைமுறைத் தாளில் இரண்டாவது தடவையும் தவறிவிட்டாள். "எல்லாம் தெரிஞ்சுதான் சார் எழுதினேன்" என்று கண் கலங்கினாள்.

வீட்டில் எழுதிப் பார்த்த ஒரு விடையைக் காட்டச் சொன்னேன். எனக்கு இன்சூரன்ஸ் தெரியாது. விடை திருத்தத் தெரியும்.

கேள்வி இது: ஒரு நிறுவனம் புதிதாக மருத்துவக் காப்பீடு தொடங்கப் போகிறது. நிறுவனத்துக்கு உள்ள அபாயங்களை விவரி. 8 மதிப்பெண்.

மருத்துவக் காப்பீடு என்றால் என்ன, மக்களுக்கு என்ன நன்மை என்று அரைப் பக்கம் எழுதியிருந்தாள். யார் கேட்டார்கள்? அதன் பிறகு மூன்றே அபாயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளப் பத்தி.

இந்த மாதிரித் தாள்களில் பெரும்பாலும் ஒவ்வொரு தனிக் கருத்துக்கும் அரை மதிப்பெண்தான். மருத்துவமனைச் செலவு எதிர்பார்த்ததைவிட ஏறலாம், நோயுள்ளவர்களே அதிகம் சேரலாம், பொய்க் கிளெய்ம் வரலாம், பாலிசி போதிய அளவு விற்காமல் ஆரம்பச் செலவே திரும்பாமல் போகலாம் என்று அகலமாகப் போக வேண்டும். ஒன்றையே ஆழமாகத் தோண்டினால் மதிப்பெண் கிடைக்காது.

அவளுக்கு மூன்றே விஷயம் சொன்னேன். ஒன்று, வினைச்சொல்லைப் பார். 'பட்டியலிடு' என்றால் ஒரு வரி போதும். 'விளக்கு' என்றால் காரணம் வேண்டும். 'விவாதி' என்றால் இரண்டு பக்கமும் வேண்டும். இரண்டு, யார் பார்வையில் என்று பார். நிறுவனத்தைக் கேட்டால் பாலிசிதாரரைப் பற்றி எழுதாதே. மூன்று, மதிப்பெண்ணைப் பார். ஒரு மதிப்பெண்ணுக்குச் சுமார் இரண்டு நிமிடம் என்றால் 8-க்குப் பதினாறு நிமிடம். அத்தோடு அடுத்த கேள்விக்குப் போ.

"இது குறுக்கு வழி இல்லையா சார்?" என்றாள். இல்லை அம்மா, இதுதான் அந்த வேலையே. நாளைக்கு உன் மேலதிகாரி 'பிரீமியத்தை ஏற்றலாமா?' என்று கேட்டால், பிரீமியத்தின் வரலாற்றையா சொல்வாய்?

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. 'தெரிந்ததை எல்லாம் எழுது, அடிஷனல் ஷீட் வாங்கு' என்று சொல்லி வளர்த்ததே நான்தான். பப்ளிக் பரீட்சையில் கேள்வித்தாளைப் படிக்க என்றே 10 நிமிடம் தருகிறார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு பீரியடாவது எடுத்தேனா? இல்லை.

இன்னும் பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களே, வாரம் ஒரு பீரியட் பிள்ளைகளுக்குக் கேள்வியை மட்டும் படிக்கக் கற்றுக்கொடுங்கள். விடை எழுத வேண்டாம். 'இதில் என்ன கேட்கிறார்கள்?' என்று மட்டும் சொல்லட்டும். நான் செய்யத் தவறியதை நீங்களாவது செய்யுங்கள்.