‘காத்து’ என்று எழுதிய பிள்ளைக்குக் காதில் கோளாறு இல்லை

நான்காம் வகுப்பில் ‘மழைக்காலம்’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். ‘பலத்த காத்து அடித்து எங்கள் வீட்டு ஓலை பறந்தது’ என்று எழுதினேன். ‘காற்று’ என்று எழுதியிருக்க வேண்டும். பிழைதான். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவர் என் நோட்டைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். “காலனித் தமிழ் எப்படி இருக்கும்னு பாத்துக்குங்க” என்றார். இரண்டு பெஞ்சு தள்ளி இருந்த ஊர்த்தெருப் பையனும் ‘காத்து’ என்றுதான் எழுதியிருந்தான். அவனுக்குப் பத்து முறை இம்போசிஷன். எனக்கு ‘காத்து’ என்றே பட்டப்பெயர். எட்டாம் வகுப்பு வரைக்கும் அது கூடவே வந்தது.

ஓலை பறந்த இரவு நாங்கள் எங்கே படுத்தோம் என்று யாரும் கேட்கவில்லை.

தோழர்களே, அந்தப் பட்டப்பெயரைப் பற்றி நான் நிறையப் பேசியாகிவிட்டது. இன்று பேச வந்தது அந்த இம்போசிஷனைப் பற்றி. அது நல்ல கற்பித்தல் முறை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘இவன் எழுதிப் பழகினால் வந்துவிடும்’ என்ற நம்பிக்கை அதில் இருந்தது. அவனுடைய பிழை அவன் கையில் இருந்தது; என்னுடையது என் பிறப்பில் இருந்தது. கையைப் பழக்கலாம். பிறப்பை என்ன செய்வது? சிரிக்கலாம், அவ்வளவுதான். நம் பிள்ளைகள் அவமானப்படுகிறார்கள் என்று மட்டும் பேசுகிறோம். அந்த அவமானத்துக்குப் பின்னால், அவர்களுக்குக் கற்பிக்கவே இல்லை என்பது மறைந்துபோகிறது. பிழை திருத்தப்படுவது ஒரு பிள்ளையின் உரிமை. அது மறுக்கப்படுகிறது.

‘காற்று’ என்று வீட்டில் பேசுகிறவர் யார்? எந்தச் சாதியில், எந்தத் தெருவில்? காத்து, நேத்து, சேத்துல, ஆத்துல, வயித்து வலி என்றுதான் தமிழ்நாடு முழுக்கப் பேசுகிறது. என் கட்டுரையை வாசித்துச் சிரித்தவரும் டீக்கடையில் ‘காத்தே இல்லப்பா’ என்றுதான் சொல்லியிருப்பார். அக்கிரகாரத்தில் ‘ஆத்துக்கு வாங்கோ’ என்றால் அது வீட்டுப் பேச்சு, பண்பாடு, அழகு. நம் தெருவில் பேசினால் கொச்சை. இலக்கணக்காரர்கள் ஒருபடி மேலே போய் ‘இழிசனர் வழக்கு’ என்று பேரே வைத்திருக்கிறார்கள். வழக்கு இழிவா, சனம் இழிவா என்ற சந்தேகத்துக்கே இடம் வைக்காத பேர்.

ல, ள, ழ குழப்பமும் இப்படித்தான். வட மாவட்டங்களில் பலர் வாயில் வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகும், தெற்கே ‘வாளப்பளம்’ ஆகும். ன-ண, ர-ற வேறுபாடு பேச்சில் பெரும்பாலும் கரைந்துவிட்டது. பாடநூலே இவற்றை ‘மயங்கொலி’ என்று சொல்லித்தருகிறது. ஒலி மயங்கும் என்று பாடம் நடத்திவிட்டு, மயங்கிய பிள்ளையைப் பார்த்து ‘எந்தத் தெரு’ என்று கேட்பது என்ன நியாயம்?

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. நம் பேச்சுமொழியிலேயே எழுதப்பட்ட நூல். ஆங்கிலத்துக்குப் போனது, விருது வாங்கியது, கல்லூரிகளில் பாடமானது. அந்த மொழியில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கலாம். அதே மொழியோடு மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தால் கடைசி பெஞ்சு.

மொழி வகுப்பின் வாசலில் சாதி நிற்பது புதிதில்லை. அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார், கற்றுத்தர மறுத்தார்கள், பாரசீகம் எடுத்துப் படித்தார். அன்று வாசலிலேயே மறித்தார்கள். இன்று உள்ளே உட்காரவைத்துவிட்டுக் கற்றுத்தராமல் விடுகிறார்கள்.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலரோடு எனக்குச் சண்டை உண்டு. ‘எழுத்துத் தமிழே ஆதிக்க சாதிகளின் தமிழ், நம் பிள்ளைகளுக்கு எதற்குப் பிழைதிருத்தம்? அப்படியே எழுதட்டும்’ என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்பவர்கள் சுத்தமான எழுத்துத் தமிழில் சொல்கிறார்கள்! காவல் நிலையத்தில் புகார் மனுவை யாரோ எழுதிக் கொடுக்க, எதிரியின் பேரே இல்லாத காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனு எழுதத் தெரிவதும், எழுதியதைப் படித்து ‘நான் சொன்னது இது இல்லையே’ என்று சொல்லத் தெரிவதும் சின்ன விஷயமா? எழுத்துத் தமிழ் அவர்கள் வீட்டுச் சொத்தும் இல்லை. தாத்தா ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அச்சில் எழுதி வாதாடிய பரம்பரை நாம். அதை நம் பிள்ளைகளிடம் கொண்டுவந்து சேர்க்காமல் ‘அப்படியே இருக்கட்டும்’ என்பது, ஆசிரியர் சிரித்ததைவிட மரியாதையான வேறொரு கைவிடல்.

அப்படியென்றால் எப்படித் திருத்துவது?

‘காத்து’ என்று எழுதிய பிள்ளை கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறது. காது சரியாக வேலை செய்கிறது. அதுதான் எழுத்தறிவின் முதல் படி. அதைச் சொல்லிப் பாராட்டிவிட்டு ஆரம்பியுங்கள். பிறகு, ஒவ்வொரு சொல்லிலும் சிவப்புச் சுழி போடாமல், பிழைகளைக் கூட்டமாக அள்ளுங்கள். ‘சேறு’ எழுதத் தெரியுமா? தெரியும். ‘சேத்துல’ என்று சொல்கிறோமே, அந்த ‘று’ எங்கே போனது? உள்ளேதான் இருக்கிறது: சேற்றில். அப்படியே ஆறு – ஆற்றில், வயிறு – வயிற்றில், கயிறு – கயிற்றில், சோறு – சோற்றில். காற்றும் நேற்றும் இதே கூட்டம் என்று சேர்த்து வைத்துவிடலாம். எல்லா ‘த்த’வும் மாறாது, பத்து பத்துதான், முத்து முத்துதான் என்பதையும் பிள்ளைகளே தேடிப் பிரிக்கட்டும். அடுத்த நாள் ஒண்ணு – ஒன்று, மூணு – மூன்று, கண்ணுக்குட்டி – கன்றுக்குட்டி. வீட்டுச் சொல்லைப் பலகையின் இடப்பக்கம் எழுதுங்கள், ஏட்டுச் சொல்லை வலப்பக்கம். இடப்பக்கத்தை அடிக்காதீர்கள். அது தப்பு இல்லை, அது வீடு.

எங்கள் மாலை வகுப்பில் இதைத் தொடங்கியதே ஓர் அவமானத்துக்குப் பிறகுதான். ஒரு சின்னப் பெண் ‘எங்க ஆயா சொல்லுச்சு’ என்று ஏதோ கதை சொல்ல வந்தாள். எங்கள் தன்னார்வத் தோழர் ஒருவர், நம் தெருப் பையன்தான், கல்லூரி போனவர், ‘சொல்லுச்சா? ஆயா என்ன ஆடா மாடா, சொன்னாங்கன்னு சொல்லு’ என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பெண் அதன்பிறகு மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. ஆயா என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பேச்சுத் திறன், தொடர்புத் திறன் என்றெல்லாம் பயிற்சிக் கையேடுகளில் எழுதுகிறார்கள். பிள்ளைக்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும், அதைச் சொன்னால் கேட்க ஆள் இருக்க வேண்டும். ‘எனக்குப் பிடித்த உணவு’ கட்டுரையில் மாட்டுக்கறி என்று எழுதலாமா கூடாதா என்று ஒன்பது வயதில் ஒரு பிள்ளை யோசிக்கிறது. யோசித்துவிட்டு ‘இட்லி’ என்று எழுதுகிறது. அந்த இட்லியில் எழுத்துப்பிழை இருக்காது. நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்த கட்டுரை எப்போதும் பிழையில்லாமல்தான் இருக்கும்.

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் 1977இல் கறுப்பினத் தாய்மார் சிலர் பள்ளி நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகள் வீட்டில் பேசிய கறுப்பின ஆங்கிலத்தைக் குறைபாடாகப் பார்த்து, அவர்களைக் கற்கத் திறனற்றவர்கள் என்று ஒதுக்கியது பள்ளி. 1979இல் தீர்ப்பு வந்தது: அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பொது ஆங்கிலத்தை வாசிக்கக் கற்றுத்தர வேண்டும். வீட்டு மொழியே போதும் என்று அந்தத் தாய்மார் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளைக்கு வாசிக்க வர வேண்டும் என்றுதான் நீதிமன்றம் போனார்கள்.

அங்கே இல்லாத குறைபாட்டை ஒட்டினார்கள். இங்கே உண்மையிலேயே கற்றல் குறைபாடு இருக்கும் நம் பிள்ளைகளை யாரும் கண்டுகொள்வதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளை எழுத்தைத் தலைகீழாகப் போட்டால் மருத்துவரிடம் போகிறார்கள், சான்றிதழ் வருகிறது, பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்லச் சொல்ல எழுத ஆளும் கிடைக்கிறது. நம் பிள்ளை அதையே செய்தால் ‘அவங்க வீட்டுல படிப்பு வாசனை கிடையாது’ என்று ஒரே வரியில் நோய்க்கணிப்பு முடிந்துவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். எத்தனை காலனிப் பெற்றோருக்கு இது தெரியும்? தெரியவைப்பது நம் வேலை.

2022இல் அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் ஏற்பாடு. இருக்கும் நிலையிலிருந்து கற்றுத்தருவது நல்ல யோசனைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய், அரும்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், வருடக் கடைசியிலும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். அந்த வட்டம் காலனி வட்டமாக ஆகியிருந்தால் அதற்குப் பூவின் பேர் வைத்து என்ன பயன்?

கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17 உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பிரிவு 29, பிள்ளை பயமில்லாமல் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்கிறது. சாதிப் பேர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது சட்டப் புத்தகத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பிள்ளைகளின் தமிழ் நோட்டுகளை எடுத்துப் போங்கள். ஜூனில் எழுதிய பக்கத்தையும் டிசம்பரில் எழுதிய பக்கத்தையும் விரித்து மேசைமேல் வையுங்கள். ஆறு மாதமாக அதே பிழை அதே இடத்தில் இருந்தால், அதைத் திருத்த இந்த வகுப்பில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.