கடன் வேறு, கணக்கு வேறு

வங்கியில் கடன் கேட்பது வேறு. கணக்குத் தொடங்கக் கேட்பது வேறு. கடன் கேட்பவர் வங்கியின் பணத்தைக் கேட்கிறார். நடப்புக் கணக்குக் கேட்பவரோ தம்முடைய பணத்தை வங்கியில் போட வருகிறார். அந்தப் பணத்துக்கு வங்கி வட்டிகூடக் கொடுப்பதில்லை. அப்படியிருக்க, "உங்கள் சிபில் மதிப்பெண் குறைவு, கணக்குத் தொடங்க இயலாது" என்று ஒரு மளிகைக் கடைக்காரரைத் திருப்பி அனுப்புவது எந்த வகையில் நியாயம் என்று கேட்கிறோம்.

சிபில் என்று நாம் பொதுவாகச் சொல்வது 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் பெயர். அதையும் சேர்த்து நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. தவணை ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்று வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் தகவலை வைத்து 300 முதல் 900 வரை மதிப்பெண் போடப்படுகிறது. இது ஒருவரின் கடன் கணக்கைப் பற்றிய மதிப்பெண். அவருடைய நாணயத்துக்கோ, கடையில் நடக்கும் வியாபாரத்துக்கோ போடப்பட்டதல்ல.

நம்மில் பலருக்கு மதிப்பெண் எப்படிக் குறைந்தது என்பதும் நமக்குத் தெரியும். 2020இல் ஊரடங்கின்போது கடையைப் பூட்டியவர்கள் தவணை தவறினார்கள். பக்கத்துக் கடைக்காரருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், அவர் கட்டாமல் போனதால் தாமும் சிக்கினார். இருசக்கர வாகனக் கடனில் கடைசி இரண்டு தவணையை மறந்தவரும் உண்டு. இவர்கள் யாரும் ஊரை ஏமாற்றியவர்கள் அல்லர்.

கணக்கு கிடைக்காவிட்டால் என்ன ஆகிறது? முதலில் மனைவி பெயரிலோ, மைத்துனர் பெயரிலோ, சில இடங்களில் கடைப் பையன் பெயரிலோ உள்ள சேமிப்புக் கணக்கின் கியூ.ஆர். அட்டை கல்லாப்பெட்டிக்கு மேலே ஏறுகிறது. வியாபாரம் நம்முடையது, வரவு இன்னொருவருடையது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவுகளைப் பார்த்து வணிகவரித் துறை சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கலாம். அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் கணக்குக்கு உரியவர். உறவும் கெடும், கணக்கும் கெடும்.

கொள்முதலிலும் இடையூறுதான். மொத்த வியாபாரி காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ கேட்கிறார். அவர் கேட்பதிலும் தவறில்லை. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், சில விலக்குகள் நீங்கலாக, வருமான வரியில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. கடைசியில் கணக்கில்லாத கடைக்காரர் போய் நிற்கும் இடம் தண்டல்காரரின் வாசல். கந்து வட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் வங்கிக் கதவை அடைத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் காட்டினால் பயன் என்ன?

விதி என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி நடப்புக் கணக்குகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது உண்மை. ஒரு வங்கியில் பெருங்கடன் வாங்கிக்கொண்டு, விற்பனைப் பணத்தை வேறு வங்கிக்குத் திருப்புவதைத் தடுக்கவே அது வந்தது. 2021 அக்டோபரிலேயே 5 கோடி ரூபாய்க்குக் குறைவான கடன் உள்ளவர்களுக்கு அது தளர்த்தப்பட்டது. நம் மளிகைக் கடைக்காரர் அந்த வரம்பின் பக்கத்தில்கூட வரமாட்டார். எனவே அந்தச் சுற்றறிக்கையைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்ப முடியாது.

தனி உரிமையாளர் கடைக்கு உரிமையாளரின் அடையாளச் சான்றுகளோடு, கடையின் பெயரில் இரண்டு சான்றுகள் கேட்கப்படுகின்றன. உத்யம் பதிவு, ஜி.எஸ்.டி. பதிவு, உள்ளாட்சி உரிமம், கடையின் பெயரில் உள்ள மின் கட்டண ரசீது போன்றவை செல்லும். இரண்டு கிடைக்காத நிலையில், நேரில் வந்து விசாரித்து ஒரு சான்றோடு ஏற்கவும் வங்கிக்கு இடம் உண்டு. வாடிக்கையாளரைச் சேர்க்க மறுத்தால் அதற்கான காரணத்தை அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்று 2025இல் ரிசர்வ் வங்கி கூறியிருக்கிறது. ஆகவே வாய்வார்த்தையாக "முடியாது" என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். விண்ணப்பத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்குங்கள். பதில் வராவிட்டால் வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

வங்கிகளின் தயக்கத்தையும் நாம் அறியாமலில்லை. காசோலை திரும்பினால் வழக்கு, வம்பு எல்லாம் உண்டு. அதற்கு வழி இருக்கிறது. ஓவர் டிராப்ட் வேண்டாம். முதல் ஆறு மாதம் காசோலைப் புத்தகமும் வேண்டாம். பணம் இருந்தால் போகும், இல்லாவிட்டால் போகாது என்ற அளவில் கணக்கைத் தரட்டும். நெப்டும் யு.பி.ஐ.யும் இருக்கும்போது சிறு கடைக்கு அதுவே போதும். இதில் வங்கிக்கு நட்டம் எங்கிருந்து வரும்?

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கிப் பாருங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கியாக இருந்தால் திருத்தக் கேளுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

பழைய பாக்கி உள்ள வங்கியிலேயே, அதைப் பேசித் தீர்க்காமல் புதுக் கணக்குத் தொடங்க வேண்டாம். நீங்கள் போடும் பணத்தை அந்தப் பாக்கிக்கு வரவு வைத்துக்கொள்ள வங்கிக்கு வழி உண்டு. குறைத்துக் கட்டி முடித்தால் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும். முழுதும் கட்டினால் "குளோஸ்டு" என்று விழும். அடுத்து கடன் கேட்கப் போகும்போது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். எங்கும் இடம் கிடைக்காதவர்கள் அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கியைப் பார்க்கலாம். பேமெண்ட்ஸ் வங்கிகள் கடன் கொடுப்பதே இல்லை. நாள் முடிவில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

கணக்கு கிடைத்தபின் அன்றாட விற்பனையை அதன் வழியாகவே நடத்துங்கள். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அபராதமே சிறு கடையின் லாபத்தைத் தின்றுவிடும். ஓராண்டு ஒழுங்காக ஓடிய வரவு செலவுப் பட்டியலே நாளை முத்ரா கடனுக்குப் போகும்போது உங்களுக்காகப் பேசும்.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. இப்படி எழுந்து வருகிற சில்லரைக் கடைக்காரரிடம் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை ஈடாகக் கேட்காதீர்கள். அது திரும்பினால் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஒரு கடையை மூடவைத்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நாம் கேட்பது சலுகையல்ல. கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதை வங்கி தீர்மானிக்கட்டும். நம் பணத்தை நம் கடையின் பெயரில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இந்த இரண்டையும் ஒவ்வொரு கிளைச் சங்கமும் தம் ஊர் வங்கி மேலாளரிடம் நேரில் எடுத்துச் சொல்ல முன்வர வேண்டும். தனியாகப் போகும் கடைக்காரரைத் திருப்பி அனுப்பலாம். சங்கமாகப் போனால் உட்காரவைத்துப் பேசுவார்கள்.