மெயில் வாசலின் சாவி யார் கையில்?

சென்ற ஆண்டு ஒரு போனஸ் தகராறில், நமது பள்ளத்தாக்கைச் சேர்ந்த நூற்பாலைத் தொழிலாளர்கள் இரண்டு மாதம் வீணாகக் காத்துக் கிடந்தார்கள். காரணம் என்ன? சமரசப் பேச்சுக்கு வரும்படி சங்கத்துக்கு வந்த கடிதம் நம் கண்ணில் படவில்லை. கடிதம் வராமல் இல்லை, வந்தது. சங்க அலுவலகக் கம்ப்யூட்டரில் 'ஸ்பாம்' என்று பெயரிட்ட குப்பைக் கூடையில், லாட்டரிப் பரிசு அறிவிப்புகளுக்கும் வழுக்கைத் தலை மருந்துகளுக்கும் நடுவே அது விழுந்து கிடந்தது. தேதி கடந்து நான்காம் நாள்தான் தோழர் ஒருவர் அந்தக் கூடையைத் திறந்து பார்த்தார். நிர்வாகத்தின் வக்கீலோ குறித்த நேரத்தில் ஆஜராகி, "சங்கத்துக்கு இதில் அக்கறை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறு தேதி வாங்க இரண்டு மாதம் ஆயிற்று.

அந்தக் கூடையை அன்றாடம் பார்க்காதது நமது தவறு. அதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதே வாரத்தில் வந்த கடன் விளம்பரங்கள் எங்கே இருந்தன தெரியுமா? முன்வாசலில், முதல் வரிசையில்! உழைப்பாளியின் வழக்குக் கடிதம் குப்பையில். வட்டிக்காரனின் அழைப்பு நடுக்கூடத்தில்! இது தற்செயலா, தோழர்களே? இல்லை. இதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்குப் பின்னால் ஒரு வர்க்கம் உண்டு.

"இதெல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர்கள் சமாசாரம், ரிங் பிரேமில் நிற்கிறவனுக்கும் ஏலக்காய் எடுக்கிறவளுக்கும் இதில் என்ன?" என்று கேட்கலாம். வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இன்று எதில் இருக்கிறது? பாங்குக் கணக்கின் ரகசிய எண் எதில் வருகிறது? பொழுது விடியுமுன் கம்பத்திலும் போடியிலும் ஜீப் ஏறி, மலை மேலே எஸ்டேட்டுக்குப் போகும் தாயின் கையில்கூட ஒரு போன் இருக்கிறது. அந்தப் போனுக்குள் வரும் கடிதத்தில் எது நிஜம், எது மோசடி என்று பிரிக்கும் வாசல்தான் இன்றைய பிரச்னை. வாசலைக் காப்பவன் தூங்கினால் கூலி போகும். வாசலைக் காப்பவன் விலை போனால் உரிமையும் போகும்.

மெயில் சர்வர் என்பது மாயமந்திரமல்ல. அது ஒரு தபாலாபீஸ், அவ்வளவுதான். கடிதத்தை வாங்கும், பிரிக்கும், உரியவரிடம் சேர்க்கும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நமது பழைய தபாலில் கடிதம் எழுதியவன் ஸ்டாம்பு ஒட்டினான், செலவு அவனுடையது. மெயிலிலோ ஒரு கடிதம் அனுப்பவும் பத்து லட்சம் கடிதம் அனுப்பவும் அனுப்புகிறவனுக்குச் செலவில் பெரிய வித்தியாசமில்லை. சர்வரின் இடம், மின்சாரம், வாங்குகிறவனின் டேட்டா, வாங்குகிறவனின் நேரம் — எல்லாச் சுமையும் நம் தலையில்! லாபம் அவனுக்கு, செலவு நமக்கு. சுரண்டலுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் வேண்டுமா?

இந்தக் குப்பை எப்போது, யாரால் ஆரம்பித்தது? 1975 நவம்பரிலேயே ஜான் போஸ்டல் என்ற அமெரிக்க நிபுணர், வேண்டாத செய்திகளை மறுக்கும் வசதி வாங்குகிற கம்ப்யூட்டருக்கு வேண்டும் என்று எழுதி வைத்தார். செவி சாய்க்கவில்லை. 1978 மே 3ந் தேதி, டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை அதிகாரி, தமது சரக்கை விற்பதற்காக, கேட்காத சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் இரண்டு வக்கீல்கள், குடியேற்ற அனுமதிச் சீட்டு வாங்கித் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்களில் ஒரே விளம்பரத்தைக் கொட்டினார்கள். இதைத் தொடங்கி வைத்தவன் தெருப் பொறுக்கியல்ல. சந்தை தேடி அலைந்த வியாபாரி!

1982ல் மெயிலுக்கு வகுத்த விதியில், அனுப்புகிறவன் சொல்லும் பெயர் உண்மைதானா என்று சோதிக்கும் ஏற்பாடு இல்லை. ஒருவரை ஒருவர் அறிந்த விஞ்ஞானிகளின் சிறு வட்டத்துக்கு அது போதும். லாப வேட்டைக்காரர்கள் நுழைந்த பிறகு அது எப்படிப் போதும்? அன்றைய சர்வர்கள் யார் கடிதத்தையும் யாருக்கும் சுமந்து போயின. ஊருக்குப் பொதுவான வண்டியில் கள்ளச் சரக்கை ஏற்றுவதுபோல் மோசடிக்காரர்கள் அதில் ஏறிக்கொண்டார்கள். 1998ல்தான் அன்று பரவலாக இருந்த செண்ட்மெயில் என்ற மென்பொருள், முன் அனுமதியின்றி அந்நியர் கடிதத்தைச் சுமக்க மாட்டேன் என்பதைத் தன் வழக்கமான விதியாக ஆக்கிற்று.

ஆக, தடுக்க வழி உண்டா? உண்டு. கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு இதை விளக்கச் சிரமமில்லை. பெரியாறு தண்ணீர் வருகிறது. மடையை முழுக்கத் திறந்துவிட்டால் வயல் மூழ்கும். முழுக்க அடைத்துவிட்டால் பயிர் கருகும். எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று மடையில் நின்று பார்க்க ஆள் வேண்டும். மெயில் சர்வருக்கும் அப்படியே.

முதல் காவல்: நம் சர்வர் வழியாக வெளியே கடிதம் அனுப்ப நம் அங்கத்தினருக்கு மட்டுமே அனுமதி, அவரும் கடவுச்சொல் காட்ட வேண்டும். இரண்டாவது: தொடர்ந்து குப்பை அனுப்பும் சர்வர்களின் கறுப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு, வாசலிலேயே திருப்பி அனுப்புவது. 1998ல் லண்டனில் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸ் இத்தகைய பட்டியலை நடத்தி வருகிறது. மூன்றாவது: பெயர்ச் சோதனை. எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப இன்னின்ன சர்வருக்கே அதிகாரம் என்று பகிரங்கமாக அறிவிப்பது எஸ்.பி.எஃப்.; கடிதத்தின் மேல் திருத்த முடியாத முத்திரை குத்துவது டி.கே.ஐ.எம்.; இந்தச் சோதனையில் தேறாத கடிதத்தைக் கூடையில் போடு, அல்லது திருப்பி அனுப்பு என்று கட்டளையிடுவது டிமார்க். நான்காவது: முன்பின் தெரியாத சர்வர் வந்தால், "கொஞ்சம் பொறுத்து வா" என்று ஒரு முறை திருப்புவது. நேர்மையான சர்வர் சில நிமிஷங்களில் மறுபடி வரும். அள்ளி வீசுகிற இயந்திரம் பெரும்பாலும் வராது. ஐந்தாவது: ஒரு கணக்கிலிருந்து மணிக்கு இத்தனை கடிதம்தான் என்ற வரம்பு. ஒருவரின் கடவுச்சொல் களவு போனாலும் சேதம் அந்த வரம்போடு நிற்கும்.

இதற்குக் கோடி கோடியாய்ப் பணம் வேண்டுமா? வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற சர்வர் மென்பொருளும், குப்பையை மதிப்பெண் போட்டுப் பிரிக்கும் ஸ்பாம்அஸாஸின் என்ற மென்பொருளும் இலவசம். உழைப்பாளி நிபுணர்கள் செய்து, உலகத்தின் பொதுச் சொத்தாக வைத்த கருவிகள் இவை. கருவி இருக்கிறது, மனம்தான் இல்லை.

எங்கே மனம் இருக்கிறது என்று பாருங்கள். போடிநாயக்கனூரில் ஏலக்காய் மின் ஏலம் நடக்கிறது. வழியில் போகிறவன் உள்ளே நுழைந்து விலை கேட்க முடியுமா? முடியாது. லைசென்ஸ் பெற்ற வியாபாரி மட்டுமே கேட்கலாம். வியாபாரியின் பணம் புரளும் இடத்தில் வாசல் இவ்வளவு கெட்டி! அந்த ஏலக்காயைப் பறித்தவளின் போனிலோ கண்டவன் கதவைத் தட்டலாம், ஏமாற்றலாம், பிடுங்கலாம்!

அப்படியானால் நமது கடிதம் குப்பைக்கும் கடன்காரன் விளம்பரம் கூடத்துக்கும் போனது எப்படி? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பெயர்ச் சோதனை, அனுப்பியவன் யார் என்பதை மட்டுமே சொல்லும். அவன் யோக்கியனா என்று சொல்லாது. பணம் படைத்த விளம்பரக்காரன், மொத்தமாய் மெயில் அனுப்பிக் கொடுக்கும் கம்பெனிக்குக் கூலி கொடுத்து, முத்திரை, கையெழுத்து எல்லாம் கச்சிதமாய்ப் போட்டு அனுப்புகிறான். கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல், மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு இந்த முத்திரைகளைக் கட்டாயமாக்கின. ஜிமெயிலில் நாளொன்றுக்கு 5,000 கடிதம் என்பது அளவுகோல். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆள் பலமில்லாத சிறு அலுவலகத்தின் சர்வரில் முத்திரை சரியில்லை என்றால், நியாயமான கடிதமும் சந்தேகக் கேஸ் ஆகிவிடுகிறது. நம் கடிதத்துக்கு நேர்ந்தது இதுதான். உலகத்தின் தபால் வாசலை விரல்விட்டு எண்ணக்கூடிய ஏகபோகக் கம்பெனிகள் காக்கின்றன. அவர்கள் தள்ளினால் எதற்குத் தள்ளினார்கள் என்று கேட்க ஆளில்லை, முறையிட மேடையில்லை.

சட்டம் என்ன செய்கிறது? அமெரிக்காவில் 2004 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமுலில் இருக்கிறது. கேட்காமல் விளம்பரம் அனுப்பலாம். வேண்டாம் என்று வாங்கியவன் சொன்னால்தான் நிறுத்த வேண்டும் என்கிறது அது. திருடன் ஒரு முறை வீட்டுக்குள் வரலாம், வெளியே போ என்றால் போய்விட வேண்டும் என்பது போலல்லவா இருக்கிறது!

நம் நாட்டுக் கதை இன்னும் கேவலம். 2008ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தி 66ஏ என்ற பிரிவைக் கொண்டு வந்தார்கள். தொல்லை தருவதற்காகவும், அனுப்பியவர் யாரென்று ஏமாற்றுவதற்காகவும் மெயில் அனுப்புவது குற்றம் என்று அதில் ஒரு வாசகம் இருந்தது. குப்பை மெயில்காரன் பிடிபடுவான் என்று ஜனங்கள் நம்பினார்கள். பிடிபட்டது யார்? 2012 நவம்பரில் மும்பையில் நடந்த கடையடைப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் கருத்துச் சொன்ன பால்கர் ஊர்ப் பெண்கள் இருவர் கைதானார்கள்! வேலி பயிரை மேய்ந்தது. 2015 மார்ச் 24ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவையே செல்லாது என்று அடித்துத் தள்ளியது.

சர்க்காருக்கு வாசலை அடைக்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத் தொழிலாளர்கள் வதந்திக்குப் பயந்து பெங்களூரை விட்டு ஓடியபோது, நாளைக்கு 5 எஸ்.எம்.எஸ்.தான் என்று நாடு முழுவதும் ஒரே நாளில் உத்தரவு போட்டார்கள். 2018 மே 22ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 உயிர்கள் பலியாயின. உடனே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று ஜில்லாக்களிலும் இன்டர்நெட்டைத் துண்டித்தார்கள். செத்தவன் பெயரைச் சொல்லும் வாயை ஒரே உத்தரவில் அடைக்க முடிந்தவர்களுக்கு, தொழிலாளியின் பாங்குக் கணக்கைத் துடைக்கும் மோசடிக்காரனின் வாயை அடைக்க மட்டும் வழி தெரியவில்லையாம்! நம்பச் சொல்கிறார்கள்!

"தொல்லைதானே, அழித்துவிட்டுப் போங்களேன்" என்று சில கனவான்கள் உபதேசிக்கிறார்கள். எட்டு மணி நேரம் மில்லில் நின்று வந்தவன் இருநூறு குப்பையை அழிப்பானா, உறங்குவானா? அழிக்கும்போது நிஜக் கடிதமும் சேர்ந்து அழிந்தால் யார் பொறுப்பு? "எல்லாவற்றையும் பெரிய கம்பெனியிடம் விட்டுவிடுங்கள்" என்கிறார்கள் வேறு சிலர். 1995 ஆகஸ்டு 15ல் நாட்டு மக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது பொதுத்துறை நிறுவனமான வி.எஸ்.என்.எல். அதை 2002ல் டாட்டா கையில் ஒப்படைத்தார்கள். மத்திய சர்க்கார் ஊழியர்களின் சுமார் 12 லட்சம் மெயில் கணக்குகள் சோகோ என்ற தனியார் கம்பெனியின் சர்வருக்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. அந்நியக் கம்பெனிக்குப் பதில் நம் நாட்டுக் கம்பெனி என்று பெருமை பேசுகிறார்கள். தமிழ்நாட்டுத் தொழிலாளரின் திறமை நமக்கும் பெருமைதான். ஆனால் நாம் கேட்பது வேறு. சர்க்காரின் தபால் பெட்டிச் சாவி ஏன் பொதுத்துறையின் கையில் இல்லை?

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. கேட்காமல் வியாபார விளம்பரம் அனுப்புவதே குற்றம் என்று சட்டம் வேண்டும். அபராதம் அனுப்பியவனோடு நிற்காமல், கூலி வாங்கிக்கொண்டு சுமந்த கம்பெனி மீதும் விழ வேண்டும். ஒரு கடிதத்தைத் தடுத்தால் காரணம் சொல்லவும், அப்பீல் கேட்கவும் ஏற்பாடு வேண்டும். தொழிலாளர் சம்பந்தப்பட்ட அலுவலகங்களின் சர்வர்களில் முத்திரைகள் ஒழுங்காக இருக்க வேண்டும். முக்கியமான நோட்டீஸ் மெயிலோடு பதிவுத் தபாலிலும் வர வேண்டும். மோசடியைத் தடுக்கிறோம் என்ற பெயரில் மக்களின் இன்டர்நெட்டைத் துண்டிக்கும் அக்கிரமம் நிற்க வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்கலாமா? கூடாது. ஒவ்வொரு சங்கக் கிளையிலும் ஒரு தோழர் தினமும் காலையில் குப்பைக் கூடையைத் திறந்து பார்க்கட்டும். நிஜக் கடிதம் அதில் கிடந்தால் 'குப்பையல்ல' என்று குறிக்கட்டும். அடுத்த கடிதம் நேராக வர அது உதவும். சங்க மெயிலின் கடவுச்சொல் பொறுப்பாளர்களோடு நிற்கட்டும். சுவரில் எழுதி ஒட்ட வேண்டாம். போனில் தொல்லை தரும் அழைப்பையும் செய்தியையும் 1909 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். ஏழு நாட்களுக்குள் செய்ய வேண்டும். ரகசிய எண்ணைக் கேட்கிறவன் யாராயிருந்தாலும், பாங்கு மானேஜர் என்றே சொன்னாலும், கொடுக்காதீர்கள். ஏமாந்த தோழரைக் கேலி செய்யாமல் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். வெட்கப்பட வேண்டியது ஏமாந்தவரல்ல, ஏமாற்றியவன்!

மடையின் சாவி ஒரு மிராசுதாரின் இடுப்பில் தொங்கினால் கடைமடை வயல் காயும் என்பதை இந்தப் பள்ளத்தாக்குக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மெயில் வாசலின் சாவியும் அப்படித்தான். அதை மக்களின் கைக்குக் கொண்டு வருவோம்!