எம்-சாண்ட் கழுவும் தண்ணீர் யார் கணக்கில்? நாவலூர்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி

கோடை வந்தால் நாவலூர் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே பேச்சுதான்: "டேங்கர் வந்துச்சா? இந்த வாரம் ரேட் எவ்வளவு?" ஆனால், இன்னொரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. நாம் குடியிருக்கும் கட்டடத்துக்கு மணலும் ஜல்லியும் கொடுத்த இடத்தில் தண்ணீர் என்ன ஆச்சு?

மணலுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?

ஆற்று மணல் கட்டுமானப் பொருள் மட்டுமல்ல, அது ஒரு தண்ணீர்த் தொட்டி. சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது சுமார் 2,830 லிட்டர் கொள்ளளவு. நல்ல ஆற்று மணலில் ஏறக்குறைய கால் பங்கு அளவுக்கு, இறைத்துப் பயன்படுத்தக்கூடிய தண்ணீர் தங்கும். யூனிட்டுக்கு 700 லிட்டர். மூன்று யூனிட் லோடு ஒன்று கிளம்பினால், 2,100 லிட்டர் சேமிக்கும் இடமும் லாரியில் ஏறிப் போய்விடுகிறது.

'தோண்டிய குழியிலும் தண்ணீர் நிற்குமே' என்று கேட்கலாம். நிற்கும். ஆனால், மணல் மூடாத தண்ணீர் வெயிலில் ஆவியாகும். ஆற்றின் மட்டம் இறங்க இறங்க, கரையோரக் கிணற்று நீரும் பள்ளத்தை நோக்கி வடியும்.

நம் மாவட்டத்தின் பாலாறே இதற்குச் சாட்சி. நந்தி மலைப் பகுதியில் பிறந்து வாயலூர் அருகே கடலில் சேரும் இந்த ஆற்றில் பல மாதங்கள் மேலே தண்ணீர் ஓடாது. ஆனாலும், தாம்பரம் முதல் கல்பாக்கம் அணுமின் நிலையம் வரை தண்ணீர் தந்தது அதன் மணல் படுகைதான்.

எம்-சாண்ட் வந்ததும் பிரச்சினை தீர்ந்ததா?

பாதி தீர்ந்தது. ஆற்றைத் தோண்டாமல் பாறையை உடைத்து மணல் செய்வது நல்ல மாற்றுதான். தமிழக அரசு 2023-ல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆனால், பாறையை உடைக்கும்போது மாவு போன்ற தூசியும் சேர்ந்தே வரும். 75 மைக்ரானைவிட நுண்ணிய தூசி 15 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கான்கிரீட் மணலுக்கான இந்தியத் தர விதி. தூசி அதிகமானால் கான்கிரீட்டின் வலு குறையும். அதனால்தான் மணலைக் கழுவுகிறார்கள்.

கழுவிய தண்ணீர் சேறாக வெளியே வருகிறது. அதைத் தொட்டியில் தேக்கி, தூசி படிந்த பிறகு தெளிந்த நீரை மறுபடி பயன்படுத்தலாம். அடியில் தங்கும் சேற்றை ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்தால் மீதி நீரும் கிடைக்கும். தண்ணீரே இல்லாமல், காற்றைக் கொண்டு தூசியைப் பிரிக்கும் இயந்திரங்களும் இருக்கின்றன. ஆக, தொழில்நுட்பம் கையில் இருக்கிறது. அதைச் செய்யாத இடத்தில் போர்வெல் ஓடிக்கொண்டே இருக்கும், சேறு பக்கத்து ஓடையிலும் ஏரியிலும் போய்ப் படியும்.

குவாரிக் குழியில் ஊறும் நீர் இன்னொரு கணக்கு. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டினால், பாறை வெடிப்புகளில் ஊறும் தண்ணீரை இறைத்தால்தான் வேலை நடக்கும். அது பெரும்பாலும் கழிவு மாதிரி வெளியேற்றப்படுகிறது. அது கழிவா? 2017 வறட்சியில் மாங்காடு அருகே சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட குவாரிகளில் தேங்கிய நீரைத்தான் சுத்திகரித்துச் சென்னைக்குக் கொடுத்தது குடிநீர் வாரியம். 2019-லும் அதே குழிகளைத்தான் தேடிப் போனார்கள்.

என்ன செய்யணும்?

முதலில், ஒவ்வொரு குவாரியிலும் எம்-சாண்ட் ஆலையிலும் தண்ணீருக்கு மீட்டர் வேண்டும். எவ்வளவு எடுத்தார்கள், எவ்வளவு மறுபடி பயன்படுத்தினார்கள் என்ற கணக்கை மாதாமாதம் பொதுவெளியில் போட வேண்டும். இரண்டாவது, சாலையில் புழுதி அடங்கத் தெளிக்கவும் மணல் கழுவவும் குழி நீரையே முதலில் பயன்படுத்த வேண்டும். அது போதாதபோதுதான் போர்வெல். மூன்றாவது, சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை ஊர்க்காரர்கள் முன்னிலையில் அளந்து, ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

'செலவு கூடும், மணல் விலை ஏறும்' என்பார்கள். கொஞ்சம் ஏறலாம். மறுசுழற்சி இல்லாத ஆலைக்கும் செலவு உண்டு. அதைப் பக்கத்து ஊர் விவசாயி, கிணற்றை இன்னும் ஆழமாக்கிக் கட்டுகிறார். சதுர அடிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வீடு வாங்கும் நாம் அந்தப் பாரத்தை அவர் தலையில் வைப்பது நியாயமில்லை.

நமக்கு இதில் என்ன?

2019 ஜூனில் ஓ.எம்.ஆர். ஐ.டி. நிறுவனங்கள் சில, தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது நினைவிருக்கும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்க 2013-ல் ஓர் ஆலை, 2024-ல் இன்னொன்று. மின்சாரத்தைக் கொட்டிக் கடலிலிருந்து நன்னீர் எடுக்கும் அதே மாவட்டத்தில், நிலத்தடி நன்னீரில் மணலைக் கழுவி ஓடையில் விடுவது என்ன கணக்கு?

அடுத்த முறை ஃபிளாட் பார்க்கப் போகும்போது பில்டரிடம் கார் பார்க்கிங், ஜிம் பற்றிக் கேட்கிறீர்கள் இல்லையா? கூடவே இதையும் கேளுங்கள்: "உங்க எம்-சாண்ட் எந்த ஆலையிலிருந்து வருது? அங்கே தண்ணியை ரீசைக்கிள் பண்றாங்களா?" ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். வாங்க வருகிற எல்லோரும் கேட்டால், பில்டர் அதே கேள்வியை ஆலைக்காரரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.